சீர்த் தட்டில் வந்த மீன்

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்த் தட்டுகளில் ஒன்றில் மீன் இருந்தது. பழம், பூ, புடவை, சாக்லேட் என்று பெண்கள் வரிசையாகத் தட்டுகளைத் தூக்கிவர, கடைசியாக வந்த வெள்ளித் தட்டில் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் காற்று அடைத்த பிளாஸ்டிக் பையை வைத்திருந்தார்கள். பைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு நீல மீன். வால் மட்டும் மஞ்சள். பையின் கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நான் மீனின் செவுளைப் பார்த்தேன்.

அந்த வீட்டில் என் வேலையே அதுதான். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மீன் தொட்டிக் கடையில் நான் வேலை பார்க்கிறேன். விலங்கியல் பட்டம் வாங்கியவள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான், கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். கடையில் தங்க மீன், கப்பி, சண்டை மீன் எல்லாம் விற்போம். எல்லாமே நல்ல தண்ணீர் மீன்கள். கடல் தண்ணீர்த் தொட்டி என்று ஊரில் நாங்கள் பராமரித்தது ஒன்றே ஒன்று. அது இந்த ரைஸ் மில் முதலாளியின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. வாரம் இரண்டு முறை போய்க் கண்ணாடி துடைத்து, தண்ணீரைச் சோதித்து, பாதியை மாற்றிவிட்டு வருவேன்.

வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டில் மில். மில்லின் களத்தில் நெல் காயவைப்பவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. நான் முன்வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே போகும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா வெயிலில் பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருப்பாள். உள்ளே மீன் தொட்டிக்குத் தண்ணீரைக் குளிர்விக்க ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். மீனைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டிருக்கிறேன் என்றால் அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. சென்னையில் இன்ஜினியரிங் படித்தாள். பட்டம் வாங்கியபோது எடுத்த படம் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கும். வேலைக்குப் போகவில்லை. போக வேண்டியதும் இல்லை. எல்லாருக்கும் அவள் பாப்பா. நான் மட்டும் எப்படியும் கூப்பிடாமல் பேசிச் சமாளித்துவிடுவேன். அவள் என்னை "டாக்டரே" என்பாள். கேலிதான். ஆனாலும் அந்த வார்த்தை என் காதுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டியில் அதற்கு முன் ஒரு ஜோடி க்ளவுன் மீன்கள் இருந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. அவை வந்தபோது நான் கடையிலேயே தனித் தொட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்து, சாப்பிடப் பழக்கி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் விரலைக் கண்டால் மேலே வந்த மீன்கள் அவை. அங்கே போன கொஞ்ச நாளிலேயே அவள் கைக்கு வர ஆரம்பித்தன. யார் தீனி போடுகிறார்களோ அவர்களிடம்தான் மீன் போகும். படித்ததுதான். படித்ததால் வயிறு எரியாமல் இருந்துவிடுமா?

அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு வருவோம். பைக்குள் இருந்த நீல மீனின் செவுள் மிக வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. பயணக் களைப்பிலும் அப்படி இருக்கும். ஆனால் அது அடிக்கடி உடம்பைச் சாய்த்துப் பையின் சுவரில் உரசியது. அரிப்பு எடுத்தவன் தூணில் முதுகைத் தேய்ப்பதுபோல. செவுளுக்குப் பின்னால் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள். குழாய் விளக்கு வெளிச்சத்தில் காற்றுக் குமிழி மாதிரித் தெரிந்தாலும் குமிழி நகரும். இவை நகரவில்லை.

நான் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு போய் பாப்பாவின் அம்மா காதருகில் சொன்னேன்.

"ஆன்ட்டி, இந்த மீன இப்ப தொட்டியில வுட வேணாம். கடைக்கு எடுத்துக்கினு போயி தனியா வெச்சிப் பாக்குறேன். நோவு இருக்குற மாதிரி தெரியுது."

வந்தவர்களுக்காக வைத்திருந்த சிரிப்பு மாறாமல் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்; கண் சிரிக்கவில்லை. "இன்னாடி பேசற? மாப்ள வூட்டு சீரு. வந்த அன்னிக்கே வாசப்படி தாண்டி வெளில அனுப்புவாங்களா யாராச்சும்?"

"கல்யாணத்துக்குள்ள கொண்டாந்து குடுத்துடறேன் ஆன்ட்டி."

"வாய மூடு. நல்ல நேரம் முடியப்போவுது."

மாப்பிள்ளையின் அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள். "யாரு இது?" என்று கேட்டாள்.

"தொட்டி கழுவற பொண்ணு" என்றார் ஆன்ட்டி.

பாப்பா பையை அவிழ்த்தாள். மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும், பைத் தண்ணீர் தொட்டியில் கலக்கக் கூடாது என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை ஒரு கை, அவள் ஒரு கை பிடித்து, பையை அப்படியே கவிழ்த்தார்கள். தண்ணீரோடு மீன் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நீல மீன் நேராகப் பாறைச் சந்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. மாப்பிள்ளை அவள் காதில் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். மூக்குத்தியில் வெளிச்சம் பட்டு மின்னியது. நான் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தேன். உப்புத் தண்ணீர், காய்ந்தால் கறை தெரியும்.

சில நாள் கழித்து அவள் போன் செய்தாள்.

"டாக்டரே, நீல மீனு மேல ரவை கொட்டுன மாதிரி இருக்குது. வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். ரவைதான். துடுப்பிலும் உடம்பிலும் வெள்ளை வெள்ளையாக. வாயைத் திறந்தபடி, மோட்டாரிலிருந்து தண்ணீர் வேகமாக வரும் இடத்தில் போய் நின்றது. மூச்சு முட்டும் மீன் அப்படித்தான் நிற்கும். தீனி போட்டோம். க்ளவுன் ஜோடி ஓடிவந்தது. நீலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இது வெண்புள்ளி நோய். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி தோலுக்குள் புகுந்து தின்கிறது. தின்று கொழுத்ததும் உதிர்ந்து மணலில் விழும். அங்கே ஓடு கட்டிக்கொண்டு ஒன்று நூறாகப் பெருகி, திரும்பவும் மீனைத் தேடி வரும். மீன் மேல் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. மணலில் இருந்து கிளம்பி வரும்போதுதான் அடிக்க வேண்டும். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் கவனமாகத்தான் கேட்டாள். அவள் புத்திசாலி. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப இன்னா பண்ணலாம்?"

"மூணு மீனையும் பிடிச்சி வேற தொட்டிக்கு மாத்தணும். இந்தத் தொட்டி மீனே இல்லாம சும்மா கெடக்கணும். தின்ன ஆளில்லன்னா புழு தானா செத்துடும்."

"கல்யாணம் வரைக்கும் காலித் தொட்டியா?" என்று அவள் அம்மா அடுக்களையிலிருந்தே கேட்டார். "வர்றவங்க இன்னா சொல்லுவாங்க? பொறு, பாப்போம்."

பொறுத்தார்கள். அடுத்த முறை நான் போனபோது புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. மீன் பளிச்சென்று நீந்திக்கொண்டிருந்தது. ஆன்ட்டி வெற்றிச் சிரிப்போடு நின்றார்.

"பாத்தியா? செவ்வாக்கெழம உப்பு சுத்தித் தண்ணியில போட்டேன். அது கரஞ்ச மாதிரியே புள்ளியும் கரஞ்சிடுச்சி. எல்லாம் கண்ணு."

"அது உதுந்திருக்குது ஆன்ட்டி. போவல. மணல்ல கெடக்குது. திரும்பி ஜாஸ்தியா வரும்."

"உன் வாய்ல நல்லதே வராதா?"

வந்தது. அடுத்த வாரமே நீல மீன் மேல் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளி. க்ளவுன் ஜோடியின் மேலும். ஜோடியில் சின்னது அடியில் படுத்துக் கிடந்தது. நான் சொன்னது நடந்தால் பெருமையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். என் கையில் வளர்ந்த மீன் அடியில் படுத்திருப்பதைப் பார்த்தபோது அப்படி ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது. நோய் வரும் என்று முதல் நாளே சொன்னது யார்? உதிர்ந்தது திரும்பி வரும் என்று சொன்னது யார்? என் அம்மா அன்று மாலை வீட்டில் வந்து சொன்னாள். "களத்துல பேசிக்கிறாங்கடி. உன் கண்ணுதான் பட்டுச்சாம். ஒரே வயசு, ஒனக்கு இன்னும் ஒண்ணும் ஆவல, அவளுக்கு மாப்ள வந்துட்டான், அதான் வயிறெரிஞ்சி பாத்துட்டாளாம். அந்த மீனு செத்துச்சின்னா என்னை வேலைக்கு வெச்சிப்பாங்களா சொல்லு. சீரு வந்த மீனு. செத்தா சகுனந்தான். சகுனம் கெட்டா யார் தலையில விடியும்?"

நான் பொறாமைக்காரிதான். மாப்பிள்ளை, மூக்குத்தி, குளிர்சாதனம், கேட்காமலே கிடைக்கும் மரியாதை, எல்லாவற்றின் மேலும் எனக்குக் கண் உண்டு. ஆனால் பொறாமைக்கு மீனின் தோலுக்குள் புகத் தெரியாது. ஒட்டுண்ணிக்குத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்திருந்தது. அதற்காகத்தானே நான் படித்தேன்?

மறுநாள் நேராக முதலாளியிடமே போனேன். ஐயா கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, மீனக் காப்பாத்திடலாம். வூட்ட வுட்டு வெளிய எடுத்துக்கினு போவ வேணாம். உங்க வூட்டுலயே சாமான் ரூம்புல ஒரு தொட்டி வெச்சித் தரேன். நான் தெனம் வரேன்."

"மயில்துத்தம் போட்டா இன்னா?" என்றார். மலைமேல் அவருக்குத் தோப்பு இருந்தது. பூஞ்சைக்கு அதைத்தான் அடிப்பார்கள். பாதி சரியான யோசனை. மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம் இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும். கொஞ்சம் கூடினால் மீனையும் கொல்லும். கூடத்துப் பெரிய தொட்டியில் போட்டால் அதிலிருக்கும் இறாலும் பாறையில் ஒட்டியிருக்கும் உயிர்களும் போய்விடும். அளவு பார்க்கும் சோதனைப் பெட்டி எங்கள் கடையில் இல்லை. சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"அப்ப நீ இன்னா மருந்து போடுவ?"

"மருந்தே வேணாங்க ஐயா. உப்பக் கொறைக்கப் போறேன்."

கடல் மீன் கொஞ்சம் உப்புக் குறைந்த தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். இந்த ஒட்டுண்ணி தாக்குப்பிடிக்காது. ஓட்டுக்குள் இருக்கும்போதே வெடித்துவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சிறு குழல் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உப்பின் அளவு தெரியும். கடல் தண்ணீர் என்றால் கோடு இருபத்தைந்தில் நிற்கும். அதை ஒன்பதுக்கு இறக்க வேண்டும். ஒரேயடியாக இறக்கக் கூடாது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு வடிகட்டிய நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒன்பதில் பல வாரம் அசையாமல் நிறுத்த வேண்டும். இடையில் ஒருமுறை ஏறினாலும் ஒட்டுண்ணிக்கு உயிர் வந்துவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சாமான் அறையில் அரிசி மூட்டைகளுக்கும் பித்தளை அண்டாக்களுக்கும் நடுவே ஒரு வெற்றுத் தொட்டி வைத்தேன். மணல் கிடையாது, பாறை கிடையாது. மீன் ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பிவிசி குழாய் மட்டும். மூன்று மீன்களையும் பிடித்து மாற்றினோம். பாப்பாதான் வலை பிடித்தாள். குழலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரே முறையில் கற்றுக்கொண்டாள். நான் வர முடியாத வேளைகளில் அவளே அளவு பார்த்து எனக்குப் படம் அனுப்பினாள்.

பதினெட்டு. பதினைந்து. பதினொன்று. நீல மீன் அன்று முதல் முறையாக ஒரு துண்டு இறாலைக் கவ்வியது. கவ்வித் துப்பியது. திரும்பவும் கவ்வி விழுங்கியது. நாங்கள் இருவரும் அந்த அறையில் மூட்டைமேல் உட்கார்ந்து கத்தினோம். அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவள்மேல் எந்தப் பொறாமையும் இல்லை.

அதற்கடுத்த நாள் அவள் கல்வராயன் மலைக்குப் போனாள். கல்யாணத்துக்கு முன் படம் எடுப்பது இப்போது எங்கள் ஊரிலும் வந்துவிட்டது. கரியாலூர்ப் பக்கத்து அருவியில் மாப்பிள்ளையோடு நிற்கும் படங்கள் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளைக் கவுன், ஈரப் பாறை, பின்னால் தண்ணீர். ஒரு படத்தில் அவன் அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். எனக்குத் தெரிந்து மலைக்குப் போனால் நாங்கள் எல்லாரும் ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போவோம். நான் அந்தப் படத்தைப் பார்த்தபடி ஒரு கையில் குழலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

பதினாறு.

குழலைத் துடைத்து மறுபடி பார்த்தேன். பதினாறுதான். நல்ல தண்ணீர் விட்டுச் சரி செய்து வைத்தேன். மாலையில் திரும்ப வந்தேன். இன்னும் ஏறியிருந்தது. தண்ணீர் ஆவியானால் உப்பளவு ஏறும். அரை நாளில் இவ்வளவு ஏறாது. குழல் பழுதோ என்று நல்ல தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்தேன், சரியாக சைபர் காட்டியது.  க்ளவுன் ஜோடியில் சின்னது குழாய்க்குள் போய் வெளியே வரவில்லை. நான் எங்கே தப்பு செய்தேன் என்று தண்ணீருக்குள் முகத்தை நுழைக்காத குறையாகக் குனிந்து பார்த்தேன்.

மூலையில், காற்றுக் குழாய்க்குப் பின்னால், கரையாத கல் உப்பு ஏழெட்டு மணிகள் கிடந்தன.

நாங்கள் தொட்டிக்குப் போடும் கடல் உப்பு மாவு மாதிரி இருக்கும். இது குழம்புக்குப் போடுவது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கண் பட்டதற்கு உப்பு சுத்தித் தண்ணீரில் கரைக்கிறார்கள். காலையும் மாலையும். பட்ட கண் பெரிய கண் என்பதால் உப்பும் கைநிறைய. நான் ஒரு வாசல் வழியாக இறக்க, ஆன்ட்டி இன்னொரு வாசல் வழியாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

கேட்கலாம் என்று அடுக்களைப் பக்கம் போனேன். ஆன்ட்டி அங்கே இல்லை. முன்வாசலில் இருந்தார். நான் செருப்பைக் கழற்றிவைத்திருந்த இடத்தில் உட்கார்ந்து, செருப்பை ஒரு குச்சியால் தள்ளி, அடியில் இருந்த மண்ணைக் கிள்ளி ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். யாருடைய கண் பட்டது என்று நினைக்கிறார்களோ அவர்களுடைய காலடி மண்ணையும் சேர்த்துச் சுத்துவது எங்கள் பக்கத்தில் வழக்கம். என் அம்மாவும் செய்வாள். ஆனால் என் காலடி மண்ணை ஒருவர் எடுப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

என்னைக் கண்டதும் அவர் கை நின்றது. எழவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

அழுகை வந்தது. அழுதிருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். நான் அவர் எதிரே வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"அது செருப்பு மண்ணு ஆன்ட்டி. ரோட்டுல இருந்து எல்லா மண்ணும் ஒட்டியிருக்கும். என் காலுல இருந்தே எடுத்துக்குங்க." காலை நீட்டினேன்.

"ஏய், இன்னாடி இது... நான் சும்மா..."

"பரவால்ல, சுத்துங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க. உப்ப எங்க போடறீங்க?"

"தண்ணியிலதான். வேற எங்க போடுவாங்க?"

"எந்தத் தண்ணியில?"

அவர் கையிலிருந்த காகிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

"சுத்துன உப்பு கண்ண எடுத்துக்கினு கரையுது, சரியா? மனுசனுக்குச் சுத்துனா அந்தத் தண்ணிய இன்னா பண்ணுவீங்க?"

"கொண்டுபோயி யாரும் மிதிக்காத எடத்துல கொட்டுவோம்."

"யாராச்சும் குடிப்பாங்களா?"

"அய்யய்யோ, அத எப்படிக் குடிப்பாங்க."

"மீனு அதத்தான் குடிக்குது ஆன்ட்டி. அதுலதான் மூச்சு வுடுது. நீங்க எடுத்த கண்ண அதுங்க வாய்லயே ஊத்திக்கினு இருக்கீங்க."

அவர் முகம் மாறியது. ஒட்டுண்ணியைப் பற்றி நான் எவ்வளவோ சொல்லியும் மாறாத முகம். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், சாமான் அறைப் பக்கம் பார்த்தார்.

"அப்ப இன்னாதான் பண்றது?"

"அடுப்புல போடுங்க. மொளகாவும் சேத்து. படபடன்னு வெடிக்கட்டும். காலைலயும் சாயங்காலமும் எத்தினி தடவ வேணா சுத்துங்க. ஒரு கல்லு உப்பு தண்ணிக்குள்ள வுழக் கூடாது. வுழுந்தா நான் பொறுப்பு கெடையாது, உங்க சீருக்கு நீங்கதான்."

அப்படித்தான் பேசி முடித்தேன். அதன்பின் சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.  உப்புத் தண்ணீரை எடுத்து நல்ல தண்ணீரை ஊற்றினேன்.

சின்ன க்ளவுன் மறுநாள் குழாய்க்குள்ளேயே செத்துக் கிடந்தது.  மலையிலிருந்து திரும்பிய பாப்பாதான் அழுதாள். "நான் இருந்திருந்தா மீட்டர் பாத்திருப்பேன்" என்றாள். அவள் அழுவது எனக்குக் கோபத்தைக் கொடுத்தது. அந்த மீன் முதலில் என்னுடையது. அழ வேண்டியவள் நான். எனக்கு நேரமில்லை, பதினான்கை ஒன்பதுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அதன்பின் ஏறவில்லை. தினமும் வீட்டில் மிளகாய் நெடி. நான் தும்மிக்கொண்டே அளவு பார்ப்பேன். ஒன்பதிலேயே நின்றது. புள்ளிகள் உதிர்ந்தன. வாரங்கள் போயும் திரும்பவில்லை. நீலம் ஒரு சுற்று பெருத்தது. தனியாகிப்போன பெரிய க்ளவுன் அதன் பின்னாலேயே திரிந்தது. கல்யாணத்துக்கு முன் உப்பை மெல்ல மெல்ல ஏற்றி, இத்தனை நாள் மீனில்லாமல் கிடந்த கூடத்துத் தொட்டிக்கு இரண்டையும் மாற்றினேன்.

பத்திரிகை வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நான் தொட்டியருகில்தான் இருந்தேன். மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். "நல்லா வளந்திருக்கே. ஏதோ சீக்குன்னு சொன்னியே, எப்படி சரியாச்சு?"

பாப்பாவைப் பார்த்துத்தான் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். தினமும் குழலில் கோடு பார்த்தவள் அவள். எந்த நாள் ஏறியது, எந்த நாள் இறங்கியது, எல்லாம் தெரிந்தவள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும்.

அதற்குள் ஆன்ட்டி வந்துவிட்டார். "எல்லாம் கண்ணுதான் தம்பி. சுத்தி அடுப்புல போட்டம் பாருங்க, இன்னா வெடி வெடிச்சிது. அன்னியில இருந்து ஒரு புள்ளி கெடையாது. பட்ட கண்ணு அப்படி." சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததிலேயே எல்லாருக்கும் புரிந்தது. மாப்பிள்ளையின் அக்கா என்னை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

மீன் செத்திருந்தால் என் கண் கொன்றது. பிழைத்ததால் என் கண் கழிந்தது. இரண்டில் எது நடந்தாலும் நான் செய்தது கண் வைத்தது மட்டும்தான்.

பாப்பா எதுவும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தாள். மாப்பிள்ளைக்குக் காபி எடுத்து வந்தாள்.

"உப்பைக் குறைத்ததில் சரியானது" என்று நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்வதுபோல, எழுத்துத் தமிழில் வந்துவிட்டது. "புதிய மீனைத் தனியாக வைத்துப் பார்க்காமல் சேர்க்கக் கூடாது. சேர்த்ததால் ஒரு மீன் செத்தது."

 யாரோ பத்திரிகையின் வண்ணத்தைப் பற்றிப் பேசினார்கள்.

நான் வாளியையும் குழலையும் எடுத்துக்கொண்டு களத்து வழியாக வெளியே வந்தேன். அம்மா நெல் தள்ளும் பலகையை நிறுத்தினாள். தலையில் கட்டிய துண்டு முழுக்க உமித் தூசி.

"பொழச்சிக்கிச்சா?"

"ரெண்டு பொழச்சிது."

"அப்பாடா. என் வேல தப்பிச்சிது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "இன்னாடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? நெஜமாவே அந்தப் பொண்ணு மேல ஒனக்குப் பொறாமையா?"

"ஆமா."

"இன்னாத்துக்கு? மாப்ளைக்கா?"

"இல்ல. அவளுக்கு எல்லாம் தெரியும்மா. தெரிஞ்சும் வாயத் தொறக்கல. தொறக்காததால அவளுக்கு ஒண்ணும் கொறையல. நான் வாயத் தொறந்தாத்தான் ஒரு மீனாச்சும் பொழைக்குது. தொறந்துட்டு வந்தா இப்படி மூஞ்சி தொங்குது. அதுக்குத்தான்."

அம்மா பலகையின் கட்டையில் மோவாயை வைத்துக்கொண்டாள். அந்த வீட்டின் பக்கம் பார்க்கவில்லை. என் கையிலிருந்த குழலைப் பார்த்தாள்.

"அது இன்னா காட்டுது?"

"தண்ணியில எவ்ளோ உப்புன்னு காட்டும்."

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வையை விரலில் வழித்து நீட்டினாள். "இத வெச்சிப் பாரு."

கண்ணாடியில் அதை வைத்து, மூடியை மூடி, அவள் கையில் கொடுத்தேன். வெயிலின் பக்கம் தூக்கி, ஒற்றைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கோடு எங்கே நிற்கிறது என்று கேட்டேன்.

"இருடி" என்றாள். "இப்பதான் தெரிய ஆரம்பிக்குது."